ஒரே சட்டியில் இரவுச் சாப்பாடு

மாட்டிறைச்சியை எந்திரத்தில் அரைத்துப் பெறும் கொத்துக்கறி, முழுத் துண்டாக அதிகம் விலைபோகாத பகுதிகளுக்கும் மரியாதை தேடித் தருவதால், அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களின் இரவு உணவில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. அங்கே இறைச்சி விலை ஏறி, 1973 ஏப்ரலில் இல்லத்தரசிகள் ஒரு வாரம் இறைச்சியையே புறக்கணிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியபோது, ஜெனரல் மில்ஸ் நிறுவனம் சற்று முன்னரே கடைகளுக்கு அனுப்பியிருந்த ‘ஹாம்பர்கர் ஹெல்ப்பர்’ என்னும் அட்டைப்பெட்டிக்கு நல்ல காலம் பிறந்தது. உலர்ந்த மக்ரோனியும் மசாலாத் தூளும் நிறைந்த அதில், உணவுக்கு உயிரான இறைச்சி மட்டும் இல்லை. ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கொத்துக்கறியை வாங்கிவந்து, சிவக்க வதக்கி, கொழுப்பை வடித்து, தண்ணீர் ஊற்றிக் கிளறி, மக்ரோனி வேகும்வரை காவலிருந்து, இறுதியில் அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பது வரையிலான சில்லறை வேலைகள் சமைப்பவருக்கே பெருந்தன்மையுடன் விடப்பட்டிருந்தன.

புகழ் மட்டும், அட்டையில் பெயர் பொறிக்கப்பட்ட பெட்டி கிராக்கர் அம்மையாருக்குப் போய்ச் சேர்ந்தது. 1921இல் மாவு நிறுவனமொன்று, வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதிலெழுதும்போது கையொப்பமிடுவதற்காகக் கற்பனையில் படைத்துக்கொண்டவர் ஆதலால், வெங்காயம் உரித்துக் கண்ணீர் விடும் வாய்ப்பு அவருக்கு ஒருநாளும் அமையவில்லை. பின்னாளில் விளம்பரங்களில் ‘உதவிக்கரம்’ என்று துள்ளித் திரிந்த வெள்ளைக் கையுறைக்கு விரல்கள் நான்கே, அதுவும் இடக்கை. பாத்திரம் தேய்க்கும் பழக்கம் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.