நாலடித் தொட்டியார்

எங்கள் அடுக்ககத்தில் என் பெயர் யாருக்கும் தெரியாது. வாட்ச்மேன் முதல் சங்கச் செயலாளர் வரை "மீன் சார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியையான என் மாமியார் மட்டும் இலக்கியத் தரமாக ஒரு பட்டம் வைத்திருக்கிறார்: நாலடித் தொட்டியார். மாப்பிள்ளைக்குச் சேர வேண்டிய மரியாதையை அந்த 'ஆர்' விகுதியிலேயே செலுத்திவிட்டதாக அவர் கணக்கு.

ஆரம்பம் என்னவோ முக்கால் அடிதான். மகளின் பிறந்த நாளுக்கு யாரோ புண்ணியவான் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு கோல்டு ஃபிஷ் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நாலு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியே இதைவிடப் பெரிது. இதற்கு என்ன பராமரிப்பு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் கழுநீர் மாதிரி ஆனது. மாற்றினேன். ஐந்தாம் நாள் மறுபடியும். மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "அப்பா, பசிக்குதாம்" என்றாள் மகள். இன்னும் இரண்டு சிட்டிகை தீனி போட்டேன். மூச்சு முட்டுகிறவனுக்கு உட்கார்ந்து பரோட்டா ஊட்டியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

தெரிய வைத்தது கொளத்தூர். வேளச்சேரியிலிருந்து போவதென்றால் ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு. ஆனால் சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். கடைக்குக் கடை கண்ணாடித் தொட்டி, கொடியில் துணி காய்வது போலக் காற்றடைத்த பைகளில் மீன். ஒரு கடைப் பையனிடம் கிண்ணத்தின் சரித்திரத்தைச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் மீன்வதைத் தடுப்புச் சட்டம் ஏதாவது இருக்கிறதோ என்று பயந்துவிட்டேன்.

"நாலு லிட்டர்ல ரெண்டு கோல்டா? அது பஸ் டாய்லெட்டுக்குள்ள குடித்தனம் நடத்துற மாதிரி சார்" என்றான். விளக்கமும் சொன்னான். மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே விடும். அதுதான் விஷம். தொட்டியில் குடியேறும் பாக்டீரியா ஒன்று அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும். அது மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை; அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போதும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் கல்லிலும் பெருகி நிலைக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். கிண்ணத்தில் அதற்கு இடமும் இல்லை, ஃபில்டரும் இல்லை. போதாக்குறைக்கு கோல்டு ஃபிஷ் ஒரு சாணுக்கு மேல் வளரும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும்.

"பெரிய தொட்டின்னா தண்ணி அவ்ளோ சீக்கிரம் கெடாது சார். ஆனா..." என்று தொடர்ந்தான். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. என் கண் அதற்குள் மூலையில் நின்ற நாலடித் தொட்டியில் விழுந்துவிட்டது.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பெருக்கினால் ஒன்பது கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, ஏறக்குறைய 255 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடி, அடியில் போடும் கூழாங்கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 300 கிலோவைத் தாண்டும். இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்னால் போட்டேன் என்று நீங்கள் நினைத்தால், என்னைப் பற்றி உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, தன் கட்டில் நேர் கீழே இருப்பதாகத் தெரிவித்த பிறகு போட்டேன்.

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். அந்த 'ஆனா' இதுதான். கால் பங்கு என்று காதால் கேட்கும்போது எவ்வளவு மென்மையாக இருக்கிறது! 255-இல் கால் பங்கு 64 லிட்டர். பதினைந்து லிட்டர் பக்கெட்டில் தளும்பாமல் தூக்கக்கூடியது பதின்மூன்று. ஐந்து பக்கெட் வெளியே, ஐந்து பக்கெட் உள்ளே. 1909-இல் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தவர்களுக்கு எதிரே கடல் இருந்தது. எனக்கு எதிரே லாரி. லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அப்படியே ஊற்றினால் மீனுக்கும் ஆபத்து, கஷ்டப்பட்டுக் குடியேற்றிய பாக்டீரியாவுக்கும் ஆபத்து. அதனால் சனிக்கிழமை இரவே வீட்டிலுள்ள எல்லாப் பக்கெட்டிலும் பிடித்து நடையில் வரிசையாகத் திறந்து வைத்துவிடுவேன். ஞாயிறு காலை யாரும் குளிக்க முடியாது. நடுராத்திரி விளக்குப் போடாமல் எழுந்த மாமியார் மூன்றாவது பக்கெட்டில் கால் வைத்ததும் ஒரு சனிக்கிழமைதான்.

ஞாயிற்றுக்கிழமை சைஃபன் வைபவம். ட்யூபின் ஒரு முனை தொட்டிக்குள். மறு முனை என் வாயில். உறிஞ்ச வேண்டும். ட்யூபில் தண்ணீர் ஏறி வருவது கண்ணுக்குத் தெரியும். உதட்டை எட்டும் நொடிக்கு முன் பிடுங்கிப் பக்கெட்டில் விட வேண்டும். அந்த நொடியை நான் ஒருநாளும் சரியாகக் கணித்ததில்லை. பாசி, ஊறிய தீனி, ஏதோ பழைய செப்புப் பாத்திர வாடை மூன்றும் சேர்ந்த ரசம் அது. துப்ப வாஷ்பேசினுக்கு ஓடிய இடைவெளியில் பக்கெட் நிரம்பி, ஹால் நிரம்பி, சோபாவின் கால் வரை வந்துவிடும். "ஏங்க, நீங்க மீன் வளர்க்கிறீங்களா, இல்ல லாரி ஓட்றீங்களா?" என்றாள் மனைவி.

சோம்பேறிக்கு வரலாறு துணை. 1850 வாக்கில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இரண்டு கோல்டு ஃபிஷ், கொஞ்சம் நீர்ச்செடி, சில நத்தைகள் போட்டு, தண்ணீரை மாற்றாமலேயே சமநிலையில் வைத்துக் காட்டினார் என்று படித்தேன். துள்ளிக் குதித்துச் செடியும் நத்தையும் வாங்கினேன். செடியைக் கோல்டு ஃபிஷ் தின்றது. நத்தை பெருகியது. வாரிங்டனிடம் இரண்டு மீன்தான் இருந்தன என்பதை நான் கவனித்திருக்கலாம். நாலடித் தொட்டியில் இரண்டு மீன் மட்டும் நீந்தினால் கல்யாண மண்டபத்தில் இரண்டு பேர் சாப்பிடுவது போல இருக்கிறதென்று, ஆறு மோலி, நாலு ஏஞ்சல், அழுக்கைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர் எல்லாவற்றையும் நான் ஒரே நாளில் குடியேற்றியிருந்தேன். முதல் மாதத்திலேயே பாதி போய்ச் சேர்ந்தன. சக்கர் பாசியைத் தின்றது உண்மை. தின்றதைவிட அதிகமாகக் கழித்ததும் உண்மை. மூன்று அங்குலத்தில் வந்தது, முழ நீளத்துக்குப் போகும் உத்தேசத்தில் இருந்தது.

பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரியில் நாங்கள் முதல் மாடி. கீழே தெரு முழுக்க ஏரி, குழாயில் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. ஏர் பம்ப் நின்றது, ஃபில்டர் நின்றது. சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. இந்த முறை பரோட்டா ஊட்டவில்லை. மக்கில் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலக்கும் என்று தெரியும். ஊற்றினேன். இரவெல்லாம் ஊற்றினேன். நான், மனைவி, மகள் என்று மணிக்கணக்கு வைத்து முறை போட்டுக்கொண்டோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாமியாரால் பொறுக்க முடியவில்லை. "மாப்பிள்ளை, காபி ஆத்துறப்போ இப்படியா கையை ஒடுக்கிப்பீங்க? உயரத் தூக்குங்க. நுரை வரணும்" என்று மக்கை வாங்கி ஒரு வீச்சு வீசினார். கும்பகோணம் டிகிரி காபிக்கு வரும் நுரை தொட்டியில் வந்தது. மீன் பிழைத்தது அவரால்தான்.

விடிந்ததும் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தெருத் தண்ணீரில் எங்கிருந்தோ வந்த மீன்கள் சொந்தச் செலவில் நீந்திக்கொண்டிருந்தன. பம்ப் இல்லை, ஃபில்டர் இல்லை, ஆற்றிவிட மாமியாரும் இல்லை. என் தோள்பட்டை மட்டும் கழன்றிருந்தது.

தண்ணீர் வடிந்த வாரமே தீர்மானித்தேன். கோல்டு ஃபிஷ் இரண்டும் தாம்பரத்தில் மச்சான் வீட்டுப் பெரிய சிமென்ட் தொட்டிக்குப் போயின. சக்கர் மீனை ஏரியில் விட்டுவிடலாமே என்றார் செயலாளர். அப்படி விட்டவர்களின் கைங்கரியத்தில்தான் அது நம் நீர்நிலைகளில் பெருகி மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கொளத்தூர்க் கடைக்கே திருப்பிக் கொடுத்தேன். மிச்சமிருந்த மோலியும் ஏஞ்சலும் கூடவே போயின.

இப்போது ஹாலில் இருப்பது இரண்டடித் தொட்டி. இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று. விளிம்பு வரை ஊற்றாமல், கல்லுக்கும் இடம் விட்டால் 50 லிட்டர் சொச்சம். கால் பங்கு எடுத்தால் சரியாக ஒரு பக்கெட். இந்த 'ஒரு பக்கெட்' என்ற அளவைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷமும் ஒரு புயலும் ஆயின. தொட்டி வாங்கப் போகிறவர் கடைக்கு டேப் கொண்டுபோக வேண்டாம். வீட்டு பக்கெட்டைக் கொண்டுபோகலாம். ஞாயிற்றுக்கிழமை எத்தனை நடை தூக்குவோம் என்று மனசாட்சியைக் கேட்டு, வருகிற பதிலில் பாதியை நம்பலாம். அதற்காகக் கிண்ணத்துக்கு இறங்கிவிடவும் கூடாது. அங்கே தப்பு செய்துவிட்டுத் திருத்திக்கொள்ள ஒரு நாள் கூடக் கிடைக்காது.

உள்ளே எட்டு கப்பி. கொசு ஒழிக்கக் கிணற்றில் விடுகிற அதே இனம்தான். என்னிடம் பிழைப்பதற்கு அந்த மனோதிடம் வேண்டும். எட்டும் ஆண். பெண் கப்பி ஒன்று இருந்தாலும் மாதாமாதம் குட்டி போடும். ஒருமுறை ஆணோடு பழகிவிட்டால், அதன் பிறகு ஆணே இல்லாமல் பல மாதம் போட்டுக்கொண்டிருக்கும். அப்புறம் மறுபடி நாலடி பேச்சு எழும்.

பழைய தொட்டியை விற்கத்தான் பார்த்தேன். கேட்டவர்கள் கண்ணாடி விலை கூடத் தரவில்லை. நாலு பேர் சேர்ந்து மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டோம். இந்தச் சித்திரை வெயிலில் மாமியார் அதற்குள் துணி விரித்து வடாம் பிழிந்திருக்கிறார். மேலே கொசுவலைத் துண்டு. காக்கை தொல்லை இல்லை, தூசி இல்லை. நாலடி நீளத்துக்கு ஒன்றரைப் படி அரிசி வடாம் ஒரே ஈட்டில் காய்ந்துவிடுகிறது.