வண்டி ரிப்பேரா சார்?

பணி ஓய்வை நெருங்கும் நம்மவர்களில் சிலருக்கு இப்போது ஒரு கனவு வந்திருக்கிறது. பிரான்சின் கிராமப்புறத்தில் ஒரு கல் வீடு, வாசலில் ஒரு சைக்கிள், காலையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சுற்று, திரும்பும்போது பையிலிருந்து எட்டிப் பார்க்கும் நீள ரொட்டி. கனவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு ஆகும் செலவைக் கேட்டால், இதில் எந்தச் சரக்குக்கு எவ்வளவு விலை என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது. பிரித்துப் பார்த்தால் தோட்டமும் ரொட்டியும் சில்லறைக் கணக்கில் போய்விடுகின்றன. பெருந்தொகை முழுவதும் ஒன்றுக்குத்தான்: சைக்கிளில் போகிற பெரியவரைப் பார்த்து யாரும் பரிதாபப்படாத ஓர் ஊர். மற்றதெல்லாம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், கூரத்திலேயே கிடைக்கும்.

தரையிலிருந்தே தொடங்குவோம். வயதான சைக்கிள்காரருக்கு முதல் எதிரி மேடு. கூரத்தில் அந்தப் பயம் வேண்டாம் என்பதற்கு 7ஆம் நூற்றாண்டுச் செப்பேடே சாட்சி. பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு, அங்கே வெட்டிய பரமேசுவர தடாகத்துக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வழியே தண்ணீர் வந்ததைச் சொல்கிறது. மோட்டார் இல்லாத காலம். தண்ணீர் தானாக வந்து சேர்ந்த பாதையில் முழங்கால் தேய்ந்தவரும் வந்து சேரலாம். திரும்பிப் பாலாறு வரை போகும்போது வேண்டுமானால் லேசாக மூச்சு வாங்கும். பிரான்சிலோ சைக்கிள் பக்தர்கள் பெயர் சொன்னாலே கன்னத்தில் போட்டுக்கொள்ளும் தூர்மலே கணவாய் 2,115 மீட்டர் உயரம். சமதளம் வேண்டுமென்றால் அங்கேயும் கால்வாய்க் கரைதான் கதி: தூலூசிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகும், சுமார் 240 கிலோமீட்டர் நீளமுள்ள மிதி கால்வாய். அது 1681இல் திறக்கப்பட்டது. நம்முடையது ஆயிரம் வருடம் மூத்தது. மாலைப்பொழுதுக்கும் அதே செப்பேடு ஏற்பாடு செய்திருக்கிறது: கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்க நிவந்தம். பாஷை தெரியாத கிராமத்தில், கடைகள் அடைத்த பிறகு என்ன செய்வதென்று எந்தத் தூதரகமும் இவ்வளவு அக்கறையாக யோசித்திருக்காது.

பிரான்சில் சைக்கிளுக்கு ஒரு பாரம்பரியம் உண்டே, அதை எப்படிக் கூரத்தில் வாங்குவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நாட்டில் சைக்கிள் சுற்றுலாவின் தந்தை என்று கொண்டாடப்படும் பால் த விவி, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். சேன்த் எத்தியேன் நகரத்துக்காரர், மரக்கறி உணவுக்காரர், சைக்கிளுக்கு வருவதற்கு முன் செய்த தொழில் பட்டு வியாபாரம். அதாவது, காஞ்சிபுரத்தில் இறக்கிவிட்டிருந்தால் யாரும் வித்தியாசம் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். மேட்டில் மிதிக்கக் கியர் வேண்டும் என்று 1930இல் இறக்கும்வரை வாதாடினார். தூர் த பிரான்சு பந்தயத்தை 1903இல் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சுக்கு அது பிடிக்கவில்லை. கியரெல்லாம் நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு என்று ஏளனம் செய்தார் என்பார்கள். அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை அனுமதிக்க 1937 ஆயிற்று. இதற்கு முந்திய வருடம்தான் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை என்று சட்டம் வந்தது. கையில் காசில்லாதவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜோடி ஜோடியாகக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். ஆக, அங்கேயும் அது ஏழையின் வாகனம்தான். ஆனால் ஏழை அதில் விடுமுறைக்குப் போனான். நம் ஊரில் ஏழை சைக்கிளில் வேலைக்கு மட்டுமே போனான். இரண்டு ஊர்களின் மரியாதைக் கணக்கும் பிரிந்த இடம் இதுதான் என்பது என் கட்சி.

தமிழ்நாட்டில் சைக்கிளுக்கு மரியாதை இல்லையென்று யார் சொன்னது என்று இன்னொருவர் எழுந்து கேட்பார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்ததே, பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாமல் சைக்கிள் கொடுக்கிறதே? உண்மை. ஆனால் அது மேலே ஏறுபவர்களுக்கான மரியாதை. நம் வரிசைப்படி பதினைந்தில் சைக்கிள், இருபத்தைந்தில் மோட்டார் பைக், நாற்பதில் கார். அறுபதில் மறுபடி சைக்கிளில் ஒருவர் வந்தால், பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்து முதல் வரிசைக்கு வந்தவராகவே ஊர் அவரைப் பார்க்கும். டீக்கடையில் முதல் கேள்வி "வண்டி ரிப்பேரா சார்?" இரண்டாவது, கொஞ்சம் குரல் தாழ்த்தி, "பையன் அமெரிக்காவிலேர்ந்து பணம் அனுப்பலையா?" டாக்டர் சொன்னார் என்றால் பரிதாபம் இரட்டிப்பாகும். சந்தோஷத்துக்காக ஓட்டுகிறேன் என்றால் வீட்டுக்குப் போன் போகும்.

இதில் கூரமே உலகுக்குத் தந்த பாடம் ஒன்று உண்டு. கூரத்தாழ்வான் பெரும் செல்வத்தை விட்டுவிட்டு, ராமானுசரை நாடித் திருவரங்கம் போனவர். போகிற வழியில் இருட்டு. மனைவி ஆண்டாளுக்குப் பயம். மடியில் ஏதாவது இருக்கிறதா என்று ஆழ்வான் கேட்டார். அவர் அமுது செய்வதற்காக எடுத்துவந்த பொன் வட்டில் இருந்தது. வாங்கித் தூர எறிந்தார், பயமும் போயிற்று என்கிறது குருபரம்பரைக் கதை. சைக்கிள் பயணக்காரர்கள் சுமையைக் குறைக்கப் பல் துலக்கும் பிரஷின் காம்பைக்கூட வெட்டுவதாகச் சொல்வார்கள். அந்தச் சாத்திரத்தின் மூல நூல் இங்கே இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அவர் வெறுங்கையோடு நடந்தபோது யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. ஏனென்றால் அவர் மாளிகைக் கதவு சாத்தும் மணியோசை காஞ்சிக் கோயில்வரை கேட்குமாம். விட்டது என்னவென்று ஊருக்குத் தெரிந்திருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. நாம் சாதாரணர்கள், பொருட்படுத்துகிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சில லட்சம் ரூபாய்ச் சைக்கிளில், உடலோடு ஒட்டிய பளபளச் சட்டையில் போகிறவர்களைப் பாருங்கள். அந்த விலைதான் அவர்களுடைய மணியோசை. வீட்டில் கார் இருக்கிறது, நம்புங்கள் என்று சக்கரம் சுற்றும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறது.

ஆழ்வானே கூரத்தில் ஓய்வெடுக்கவில்லையே, வெளியூர் போனாரே என்று மடக்கலாம். போனார்தான். கூரத்து நடராசரின் பல்லவர் காலச் செப்புத் திருமேனிகூட இப்போது எழும்பூர் அருங்காட்சியகவாசிதான். ஆனால் எதிர்த் திசைக்கும் சாட்சி உண்டு: பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, அந்த நாட்டுப் பென்ஷனோடு புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் திரும்பிய சொல்தாக்கள். பிரான்சின் பணம் நம் ஊரில் ஓய்வெடுத்தால் எவ்வளவு கௌரவம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். நாமோ நம் பணத்தை அங்கே கொண்டுபோய்க் கரைக்கப் பார்க்கிறோம். அதற்கான நீண்டகால விசாவுக்கு வருமானமும் மருத்துவக் காப்பீடும் காட்டுவதோடு, அங்கே எந்த வேலையும் செய்ய மாட்டேன் என்று உறுதிமொழி வேறு தரவேண்டும். சும்மா இருக்கப்போவதாக எழுதிக் கேட்கும் சர்க்கார்! கூரத்தில் இதை எழுதித் தராமலே செய்யலாம்.

வெயில் என்பார்கள்; ஆறு மணிக்குக் கிளம்பி எட்டுக்குள் திரும்பிவிடுங்கள். நாய்கள் என்பார்கள், அதற்கு வாதம் எடுபடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போகத்தான் வேண்டும். மிஞ்சுவது அந்த டீக்கடைக் கேள்வி ஒன்றுதான், அதற்கு வைத்தியமும் மலிவு. ஒரு ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, முதுகில் தண்ணீர்க் குழாய் தொங்கும் பை. பழைய ஹெர்குலிஸாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தக் கோலத்தில் போய் நின்றால் ரிப்பேரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.