கொள்ளுத் தாத்தா எந்தக் கட்டத்தில்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்: 1921 சென்சஸில் என் கொள்ளுத் தாத்தா பெயர் எழுதிய தாளைப் பார்க்க எந்த ஆபீஸில் மனுப் போட வேண்டும்?

மனுவை மிச்சம் பிடியுங்கள். 1881 பிப்ரவரி 17 இரவு ஒரே நேரத்தில் தலை எண்ணத் தொடங்கிய நாளிலிருந்தே சர்க்காருக்கு வேண்டியது தொகைதான், பெயர் அல்ல. அட்டவணை போட்டு முடிந்ததும் வீட்டுத் தாள்களைக் காத்து வைக்கவில்லை. அச்சான ரிப்போர்ட்டில் உங்கள் கொள்ளுத் தாத்தா இருக்கிறார்: தாலுகா ஜனத்தொகையில் ஒருவராக. 1948 சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு இன்னும் கறார். பதிவை எட்டிப் பார்க்கவும் கூடாது, பங்காளி வழக்கில் சாட்சியமாகக் காட்டவும் கூடாது. அதற்குப் பதில் பரணில் கிடக்கும் கிரயப் பத்திரத்தைத் தூசி தட்டுங்கள். ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று அப்பா பெயரோடு இருப்பார். அக்கம்பக்கத்து நிலக்காரர்களும் நான்கெல்லையில் காவல் நிற்பார்கள்.

சம்பந்தி வீட்டைச் சமாளிக்க முடியாதவர், கோயம்புத்தூர்: என் ஆங்கிலேய மருமகள் அவள் மூதாதை ஒருவரின் சென்சஸ் நகலைக் காட்டினாள். 1841இல் 35 வயது, 1851இல் 49. பத்து வருஷத்தில் பதினாலு வயதா?

மூதாதை யோக்கியர், உத்தரவு அப்படி. 1841இல் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்கு இறக்கி எழுதச் சொன்னார்கள். 39 இருந்தவர் 35 ஆனார். நம்மூரில் உத்தரவே இல்லாமல் ஜனங்கள் முப்பது, நாற்பது என்று முழுசாகச் சொல்லிவிட்டார்கள். இன்னொன்று: 1841 தாளில் உறவுமுறைக் கட்டமே கிடையாது. கூட இருக்கும் பெண் மனைவியா, தங்கையா என்பதை 1851 தாளைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மருமகள் ரொம்ப அலட்டினால் 1931ஐக் காட்டச் சொல்லுங்கள். 1942 டிசம்பரில் அத்தனையும் தீயில் போயிற்று.

வாசகர், டர்பன்: எங்கள் முன்னோர் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். எங்கே தேட?

நீங்கள் கொடுத்து வைத்தவர். 1860இல் ‘ட்ரூரோ’ கப்பல் மதராஸிலிருந்து கிளம்பியது முதல், ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் பதிவேட்டில் ஏற்றினார்கள்: நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை. ஓடிப்போனால் பிடிக்க உதவும் என்ற அக்கறை. ஊரிலேயே இருந்த அண்ணனுக்குத் தாள் இல்லை, கப்பலேறிய தம்பிக்குத் தழும்புகூடப் பதிவாகியிருக்கிறது. எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். குமாஸ்தா காதில் விழுந்ததைத்தான் இங்கிலீஷில் எழுதினார். பெயரை உரக்கப் படியுங்கள். கிராமத்தின் பெயரை நாலு விதமாகப் படியுங்கள், ஜில்லாவை வைத்து வடிகட்டுங்கள்.

கல்லூரி மாணவி, மதுரை: கணக்கெடுப்புக்கு டிமிக்கி கொடுத்தவர்கள் உண்டா?

உண்டு. வோட்டு தராத சர்க்காருக்குத் தலைக்கணக்கு எதற்கு என்று 1911 ஏப்ரல் 2 இரவு பிரிட்டிஷ் பெண்கள் பலர் வீட்டில் தங்கவில்லை. அவர்களில் ஒருவரான எமிலி வைல்டிங் டேவிசன் பார்லிமென்ட் கட்டடத்திலேயே ஓர் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டார். கண்டுபிடித்து அங்கே ஒரு தாளில் எழுதினார்கள். அவர் குடியிருந்த வீட்டுத் தாளிலும் பெயர் ஏறிவிட்டது. வோட்டு ஒன்றுகூட இல்லாதவருக்குச் சென்சஸில் இரண்டு தலை!