இத்தாலி போகாமல் இத்தாலி பார்க்க: புதுக்கடை வழிகாட்டி

பழைய கட்டடம், தேவாலயக் குவிமாடம், தெருவோரக் கறிச்சட்டி. இந்த மூன்றுக்காக வெள்ளவத்தையிலிருந்து இத்தாலிக்குப் போகத் துடிப்பவர்களுக்கு முதல் ஆலோசனை: விசாப் படிவத்தை மூடி வையுங்கள். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி. வங்கிக் கணக்குக் கூற்று. போதாததற்கு, திரும்பி வருவீர்கள் என்பதற்கு அத்தாட்சி. புதுக்கடைக்கு இவை ஒன்றும் வேண்டாம். எப்போது திரும்பி வருவீர்கள் என்று வீட்டில் மட்டும் கேட்பார்கள். காலி வீதியில் 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி, ஒரு திரீவீல் பிடியுங்கள்.

பகலில் போனால் ரோமாபுரி. பண்டைய ரோமில் பசிலிக்கா என்பது கோயில் இல்லை, வழக்குப் பேசும் மண்டபம். யூலியா பசிலிக்காவில் அந்தக் காலத்து அப்புக்காத்துமார் தொண்டை வற்ற வாதாடினார்கள். இன்று மிஞ்சியிருப்பது படிகளும் தூண்களின் அடிக்கட்டைகளும்தான். மீதியை டிக்கெட் எடுத்து வெயிலில் நின்று கற்பனை செய்துகொள்ள வேண்டும். புதுக்கடையில் கற்பனைக்கு வேலையே இல்லை. உயர் நீதிமன்றம், நீதவான் நீதிமன்றம், 1874இல் தொடங்கிய சட்டக் கல்லூரி எல்லாம் ஒரே வட்டாரத்தில். கறுப்புக் கோட்டு, கக்கத்தில் கோப்புக் கட்டு, “அடுத்த தவணை எப்ப சேர்?” என்று வாடிய முகத்தோடு நிற்கும் கட்சிக்காரர், எல்லாம் உயிரோடு. ஓர் எச்சரிக்கை: நீதிமன்றத்துக்குள் செல்பி எடுக்காதீர்கள். தங்குமிடம் அரசாங்கச் செலவில் கிடைத்துவிடும்.

கறுப்புக் கோட்டுகள் வீடு திரும்பியதும் புளோரன்ஸ் தொடங்கும். அப்துல் ஹமீத் வீதியில் புகையும் கொத்துத் தகட்டின் சத்தமும் உங்களை வழிநடத்தும். கொத்து கேட்காதீர்கள், அது எந்தச் சந்தியிலும் கிடைக்கும். பாபத் கேளுங்கள். மாட்டு இரைப்பையைத் தேய்த்துக் கழுவி, அவித்து, உறைப்பாகக் கறியாக்கிப் புட்டோடு தருவார்கள். மலாய்க்காரர் அடுப்பிலிருந்து கொழும்புக்குப் பரவிய ருசி. இதன் ஒன்றுவிட்ட சகோதரன் புளோரன்ஸில் இருக்கிறான், பெயர் லம்ப்ரெதொத்தோ. மாட்டின் நாலாவது இரைப்பை. அவித்து, நறுக்கி, பாணுக்குள் வைத்து, பச்சை இலைச் சம்பல் போட்டுத் தருவார்கள். விற்பதும் தெருவண்டியில்தான்.

இந்த இடத்தில் வழிகாட்டிக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. லண்டனிலிருந்து வரும் மாமா, புளோரன்ஸ் வண்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற கதையை இரவுச் சாப்பாடு முழுக்கச் சொல்லுவார். அவரையே புதுக்கடைக்குக் கூட்டிப் போனால் கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும். “இது சுத்தமா இருக்குமோ?” அங்கே கேட்டாரா? மாடு தொடாத வீட்டுப் பிள்ளைகளும் அங்கே பெயர் விளங்காமல் தின்று, படமும் எடுத்து அனுப்புவார்கள். இங்கே அந்த ஆபத்து கிடையாது. “நானா, இது மாடா?” என்று கேளுங்கள். “மாடுதான் தம்பி, உங்களுக்குக் கோழி போடவா?” என்று பதில் வரும். ஐரோப்பிய மெனுக்களில் இவ்வளவு தெளிவை நான் கண்டதில்லை.

உபசார விதிகள்: இத்தாலியில் பல கடைகளில் உட்கார்ந்ததற்கே ‘கொப்பெர்த்தோ’ என்று பில்லில் ஒரு தொகை ஏறும். இங்கே பிளாஸ்டிக் கதிரை இலவசம், ஆனால் அடுத்து உட்காரப் போகிறவர் அதன் முதுகைப் பிடித்தபடி பின்னால் நிற்பார். அங்கே மத்தியானத்துக்குப் பிறகு கப்புச்சினோ கேட்டால் முகம் சுளிப்பார்கள். இங்கே நடுச்சாமத்திலும் பிளேன்டீ வரும். நோன்பு மாதத்தில் கூட்டம் ஸஹர் வரை கலையாது. ஜெலாத்தோ வேண்டுமென்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு பலூடா வாங்கிக் கொடுங்கள், அடங்கிவிடும்.

இன்னொரு நாள் இருந்தால் வெளியூர்ப் பயணம். பதுவை நகர் அந்தோனியார் கொச்சிக்கடையில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை போனால் நெற்றியில் திருநீறோடும் மெழுகுதிரி ஏற்றுகிறவர்களைப் பார்க்கலாம். சிசிலித் தீவின் சிராக்கூசாவில் பிறந்த லூசியா, கொட்டாஞ்சேனைப் பேராலயத்தில். புளோரன்ஸ் குவிமாடத்தின் உச்சிக்கு 463 படி. லூசியாவின் குவிமாடத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும், முழங்காலுக்கும் நல்லது.

கடைசியாக, படம். பாபத் கோப்பையைக் கிட்டத்தில் எடுங்கள், கதிரை தெரியக் கூடாது. இடம் என்ற இடத்தில் புதுக்கடை என்று போடாமல் ஹல்ஃப்ட்ஸ்டோர்ப் என்று போடுங்கள். 1656இல் கொழும்பு முற்றுகையில் உயிர்விட்ட ஒல்லாந்துத் தளபதி ஹல்ஃப்டின் பெயரில் உள்ள ஊர் என்பதால் பொய்யும் இல்லை. ஐந்து நிமிடத்தில் லண்டன் மாமா கேட்பார்: “இது எந்தப் பக்கம், ஒல்லாந்தா? முன்கூட்டியே புக் பண்ண வேணுமா?”