எலிப்புழுக்கையும் விருதுநகர்க்காரனும்

விருதுநகரில் பிறந்தவனுக்குக் காரத்தைப் பற்றி எவரும் பாடம் எடுக்க வேண்டாம் என்பது என் கொள்கை. வத்தல் மண்டி இருக்கும் தெரு வழியாகத் தும்மாமல் பள்ளிக்கூடம் போய் வந்தவன் நான். கல்யாணமான புதிதில், மாமியார் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு, புளியெல்லாம் சரியா இருக்கு. காரத்தைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சொன்னது. 22 வருடமாகியும் அந்த வீட்டில் இன்னும் யாரும் சிரிக்கவில்லை.

போன வருடம் பாங்காக் போனோம். நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். பயண ஏற்பாட்டாளர் கொடுத்த தாளில் 'மூன்று வேளையும் இந்திய உணவு' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் பணமே கட்டினேன். முதல் நாள் பன்னீர் பட்டர் மசாலா. இரண்டாம் நாளும் அதுவே. மூன்றாம் நாள் காலையில், மதியத்துக்கும் பன்னீர்தான் என்று தெரிந்ததும் எனக்குள் ஓர் உலகப் பயணி எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

"கடல் தாண்டி வந்து பன்னீரா? இன்னிக்கு அசல் தாய்ச் சாப்பாடு!"

"தாய்ச் சாப்பாடுன்னா எங்கம்மா வீட்டுலதான் கிடைக்கும்" என்றாள் மனைவி.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் சீலோம் சாலை மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. இப்போது சன்னிதியில் நம்மவர்களைவிடத் தாய்லாந்துக்காரர்கள் கூட்டம்தான் அதிகம். ஊர்மக்கள் இதை 'வாட் கேக்' என்கிறார்கள். வாட் என்றால் கோவில், கேக் என்றால் விருந்தாளி. இந்தியர்களையும் அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். விருந்தாளி என்று பெயர் வைத்தவர்கள் கையால் ஒருவேளை சாப்பிடாமல் ஊர் திரும்புவது மரியாதையில்லை என்று மகளுக்கு விளக்கினேன். அவள் அதற்குள் போனில் கடை தேட ஆரம்பித்திருந்தாள்.

ஒரு சந்துக்குள் அகப்பட்டது. நாலு தகர மேஜை, பிளாஸ்டிக் ஸ்டூல், சுவரில் மன்னர் படம், வாசலில் ஒரு மண் உரல், உரலுக்குப் பின்னால் ஒரு பெண்மணி. வடகிழக்கே இசான் வட்டாரத்துச் சமையலாம். வெளிநாடுகளில் இருக்கும் தாய் உணவகங்களுக்கு அந்நாட்டு வணிக அமைச்சகம் 'தாய் செலக்ட்' என்று ஒரு முத்திரை கொடுக்கிறது. இங்கே முத்திரை எதற்கு? மெனுவில் ஓர் ஆங்கில எழுத்துகூட இல்லை. அசல் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி?

உட்கார்ந்ததும் குச்சிகள் கேட்டேன். பரிமாறும் பெண் தயங்கிக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து மேஜைகளைப் பார்த்தால் சோறு சாப்பிடுகிற ஒருவர் கையிலும் குச்சி இல்லை. வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி. முள்ளால் தள்ளி, கரண்டியால் வாயில் போட்டுக்கொள்கிறார்கள். குச்சியெல்லாம் நூடுல்ஸுக்கு மட்டும். கேட்டு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க கௌரவம் இடம் தரவில்லை. அந்தக் குச்சிகளால் சோற்றைத் துரத்தி, முதல் கால் மணி நேரத்தில் ஒன்பது பருக்கை சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை என்றால் மனைவி கவிச்சி தொடமாட்டாள். அதற்கும் நான் தயார். சைவத்துக்குத் தாய் மொழியில் 'மங்சவிரட்'. "மாம்ச விரதம் மாதிரியே இருக்கு பாரு! எல்லாம் நம்ம சரக்கு" என்று பெருமையோடு சொல்லி ஆர்டர் கொடுத்தேன். வந்த சோற்றின் தலையில் ஓர் ஆம்லெட் குடை பிடித்திருந்தது. அந்த விரதத்தில் முட்டைக்கு விலக்கு உண்டாம். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் "ஜே" என்றாள். ஓரெழுத்து. அவ்வளவுதான், முகம் மலர்ந்து தட்டை எடுத்துப் போனவள், டோஃபுவும் காளானும் போட்டு வதக்கிய காய்கறியோடு திரும்பி வந்தாள். ஜே என்றால் இறைச்சி, முட்டை, மீன் சாறு மட்டுமில்லை, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. முந்தின நாள் துணி வாங்கப் போன கடையில் கைச்சாடையிலேயே கற்றுக்கொண்டாளாம். நான் மூன்று வாரம் யூடியூப் பார்த்தவன்.

அடுத்து டாம் யாம் குங், இறால் போட்டது. 2024இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்த சூப். மரபுக்கு மரியாதை செய்ய வேண்டாமா? ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. சற்று நார் நாராக இருந்தது, விறகு போலவும் ஒன்றிரண்டு தட்டுப்பட்டன. 150 பாட் என்றால் கிட்டத்தட்ட நானூறு ரூபாய். கடைவாயில் வைத்து மென்று முடித்தேன். கிண்ணத்தை எடுக்க வந்த பெண் உள்ளே பார்த்தாள். மேஜைக்கு அடியில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அந்த எலுமிச்சைப்புல், அரத்தைத் துண்டு, இலையெல்லாம் எங்கே?" என்றாள் மகள்.

"சாப்பிட்டேன்."

"அதெல்லாம் வாசனைக்குப்பா. கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கி வைக்கணும்."

இருமலுக்கு அரத்தைக் கஷாயம் நல்லது என்று எங்கள் பாட்டி சொல்வார். பத்து வருடத்துக்கான இருமலை அன்றே முன்கூட்டித் தீர்த்துக்கொண்டேன்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். சோம் டாம். பப்பாளிக்காயைச் சீவி, காராமணிக்காய், தக்காளி, வேர்க்கடலை, காய்ந்த இறால் சேர்த்து, பனைவெல்லம், எலுமிச்சைச் சாறு, மீன் சாறு விட்டு உரலில் இடிப்பது. இந்த 'டாம்' என்றால் இடி என்றுதான் அர்த்தம். இடிப்பதற்கு முன் அந்தப் பெண்மணி ஒரு கேள்வி கேட்பார்: "பிரிக் கி மெட்?" மிளகாய் எத்தனை?

கொஞ்சம் காரம் போதும் என்பதற்கு அவர்கள் மொழியில் 'பெட் நிட் நோய்' என்று சொல்ல வேண்டும். யூடியூபில் கேட்டபோதே, நோயில் முடிகிற வாக்கியத்தைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்வானேன் என்று ஒதுக்கிவிட்டேன். 'பெட் மாக் மாக்' என்றேன். ரொம்ப ரொம்பக் காரம். அதோடு பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

அந்தப் பெண்மணி உலக்கையைக் கீழே வைத்தார். எழுந்து வந்து என்னை நேரில் பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து மேஜைக்காரர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"என்னங்க, ரெண்டு போதும்" என்றாள் மனைவி.

"நீ விருதுநகர் மானத்தை வாங்காதே."

அந்த மிளகாயின் பெயர் பிரிக் கீ நூ. எலிப்புழுக்கை மிளகாய் என்று பொருள். அளவும் அதேதான். சுண்டுவிரல் நீளத்துச் சம்பா வத்தலோடு வளர்ந்தவனுக்கு அதைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் அது 50,000 முதல் 1,00,000 வரை போகும் என்று மகள் பிற்பாடு வாசித்துக் காட்டினாள். இத்தனைக்கும் மிளகாய் அவர்களுக்கும் சொந்தமில்லை, நமக்கும் இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் விற்றது. ஆனால் இந்த வரலாறெல்லாம் வாய் வேலை செய்யும்போதுதான் பேச முடியும்.

முதல் வாய் இனித்தது. "அவ்வளவுதானா?" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே காது அடைத்தது. அடுத்து உச்சந்தலை வியர்த்தது. எனக்கு அங்கே முடி இல்லாததால் பக்கத்து மேஜைக்காரருக்கும் அது நன்றாகத் தெரிந்தது. விக்கல் வந்தது. தண்ணீர் குடித்தேன். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, தண்ணீர் அதை வாய் முழுக்கப் பரப்பத்தான் செய்யும் என்று எட்டாம் வகுப்பில் யாராவது சொல்லித் தந்திருக்கலாம். இரண்டு டம்ளரில் தீ தொண்டை வரை போனது.

"தயிர்" என்றேன். தமிழில்தான் வந்தது.

இந்த இடத்தில் தாய்லாந்துச் சமையல் மேல் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. இஞ்சி உண்டு, புளி உண்டு, தேங்காய்ப்பால் உண்டு. தயிர் கிடையாது, மோர் கிடையாது. தீயணைப்பு நிலையமே இல்லாமல் ஓர் ஊரைக் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் சமாளிக்கும் விதம் வேறு: பக்கத்தில் பச்சை முட்டைக்கோஸ் வைக்கிறார்கள், ஒட்டும் சோற்றைக் கையால் உருட்டிச் சாப்பிடுகிறார்கள். அந்தப் பெண் முட்டைக்கோஸை என் முன் நகர்த்தினாள். பசு மாடு போல் தின்றேன். கடைசியில் உரல்காரப் பெண்மணியே ஆரஞ்சு நிறத்தில் ஒரு டம்ளர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். ச்சா யென்: ஐஸ் போட்ட டீயில் கெட்டிப்பால் ஊற்றியது. பால் உள்ளே போனதும் விருதுநகர் திரும்ப வரைபடத்தில் தெரிந்தது. இன்னும் இரண்டு வாங்கிக் குடித்தேன். மூன்றாவதுக்கு அவர் காசு வாங்கவில்லை.

மிச்ச சோம் டாமை யார் தின்றது என்று கேட்கிறீர்களா? மனைவிக்கு வெள்ளிக்கிழமை. மகள் தின்றாள். "நல்லா இருக்குப்பா, கொஞ்சம் சுள்ளுனு" என்றாள். அவள் பிறந்தது சென்னையில்.

"அரோய் மாய்?" என்று கேட்டாள் பரிமாறிய பெண். ருசியாக இருந்ததா என்று அர்த்தம். நான் பதிலாக விக்கினேன். "அரோய் மாக்" என்றாள் மனைவி, கை கூப்பி.

ராத்திரி ஒன்பது மணிக்கு, ஏற்கெனவே பணம் கட்டிய அந்த இந்திய ஓட்டலில், தாளில் இல்லாத தயிர் சாதத்துக்குத் தனியாக 180 பாட் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். ஊரில் அப்போது ஏழரை மணி. எதிரே மனைவி அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். கோவில், துணிக்கடை, படகு எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல், குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்திச் சொன்னாள்:

"அம்மா, அவுக தேடிக்கிட்டிருந்த காரம் கிடைச்சிருச்சு."

போனின் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.