ஜன்னலோர மலைக்காரர்

நள்ளிரவு தாண்டி சேலம் ஜங்ஷனில் நீலகிரி எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் பைமேல் தலை வைத்துத் தூங்கி வழிவார்கள். இவர் மட்டும் பிளாட்பாரத்துத் தூணில் சார்ஜரைச் சொருகிவிட்டு, அதற்குக் காவல் நிற்பார். கழுத்தில் மஃப்ளர். மே மாதத்துச் சேலத்தில் மஃப்ளர்!

தொழில் எதுவாகவும் இருக்கலாம். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, நாமக்கல்லில் கோழிப்பண்ணை, ஆத்தூர்ப் பக்கம் சேகோ பேக்டரி. ஊட்டி மலை ரயில் ஏறுகிற அன்று எல்லாரும் ஒரே ஆள்தான்.

மேட்டுப்பாளையத்தில் முதல் சண்டை ஜன்னலுக்கு. ஏறும்போது இடது பக்கம்தான் காட்சி என்று எவரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பொடியன். "தம்பி, மாமா ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டுக் குடுத்துடறேன்" என்று நகர்த்தி உட்காருவார். குன்னூர் வரைக்கும் அந்த ஒரு போட்டோ முடியாது.

புகை கக்கும் இன்ஜின் முன்னால் வளைய, பின்னால் மலை நிற்க, நடுவில் பெட்டிகள் வர ஒரு படம். இதுதான் அவர் வீட்டிலேயே போட்ட திட்டம். இந்த ரயிலில் இன்ஜின் பெட்டிகளை இழுக்காது, கடைசியில் நின்று தள்ளும் என்பது கல்லாறு தாண்டிய பிறகுதான் தெரியவரும். தண்டவாளத்து நடுவில் பல் வைத்த சட்டம். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயரம். ஆள் லாரி வைத்திருப்பவரானால், இந்த ஒரு இடத்தில் மட்டும் போன் தானாகக் கீழே இறங்கும். "தொப்பூரெல்லாம் ஒரு ஏத்தமாங்க!" என்பார். அந்த மரியாதை நிஜமானது. பயணம் முழுக்க அவர் கண்ணால் பார்த்ததும் அது ஒன்றைத்தான்.

அப்புறம் வீடியோ, கூடவே வர்ணனை. பக்கத்து சீட்டுக்காரர் சொல்வதைக் காதில் வாங்கி அப்படியே திருப்பிச் சொல்வார். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கி, 1908-இல் ஊட்டியைத் தொட்ட பாதை. அவர் வாயில் 1899, 1989 ஆகிவிடும். 2005-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததைச் சரியாகச் சொல்லிவிட்டு, "ஒன்றிய அரசு குடுத்த விருதுங்க" என்று சேர்த்துக்கொள்வார்.

46 கிலோமீட்டரில் 208 வளைவு, 250 பாலம், 16 குகை. குகை பதினாறையும் விடாமல் எடுப்பார். பதினாறும் கறுப்பு. "இது எந்தக் குகைங்க?" என்று கேட்டால் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, "மூணாவது" என்று திடமாகச் சொல்வார். ஏற்றத்தில் வண்டி சைக்கிளை விட மெதுவாகப் போகிறது. அப்படியும் எந்த மரமும் அவர் படத்தில் அசையாமல் நின்றதில்லை. பாதிப் படத்தில் ஜன்னல் சட்டம், மீதியில் முன் பெட்டிப் பயணிகளின் தலை, எல்லாவற்றிலும் பிரேக்ஸ்மேனின் பச்சைக் கொடி.

"ஏங்க, இட்லி ஆறுது."

"இரு புள்ள, அருவி வருது!"

அருவி வந்து போய்விடும். படத்தில் ஒரு புதரும், இட்லி நீட்டும் கையும் இருக்கும்.

ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். இட்லியைக் குரங்கு எடுத்துக்கொள்ளும். குரங்கோடு தன்னைப் படம் பிடிக்கச் சொல்லி அந்தப் பொடியனிடம் போனைக் கொடுப்பார். அன்றைக்கு எடுத்த படங்களில் ஆடாமல் விழுந்தது அது ஒன்றுதான் என்பதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். குன்னூரில் இறங்கி இன்ஜினோடு படம் எடுக்க ஓடுவார். அதற்குள் நீராவி இன்ஜினைக் கழற்றிக் கொண்டுபோய், டீசல் இன்ஜினை மாட்டியிருப்பார்கள்.

கேத்தி ஸ்டேஷனில் வேறொரு கடமை. 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியை அங்கேதான் எடுத்தார்கள். ஐம்பது தாண்டிய ஆண்கள் பிளாட்பாரத்தில் இறங்கிக் கமல் மாதிரித் தள்ளாடுவார்கள். "போதும் ஏறுங்க, வண்டி கிளம்பிடும்" என்று மனைவிமார் அதட்டுவார்கள். படத்தின் ஸ்ரீதேவியைவிட இவர்களுக்கு விவரம் அதிகம்.

சிக்னல் கிடைத்ததும் குடும்பக் குழுவில் மொத்தமாகக் கொட்டுவார். பார்க்காமலே போட்ட 'அருமை'கள் வரிசையாக வரும். ராசிபுரத்துப் பெரியப்பா மட்டும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏற்காடா கண்ணு?" என்று கேட்பார்.

இதே மனிதரை ஒரு நாள் காலை, கரூரிலிருந்து சேலம் வரும் ரயிலில் பார்க்கலாம். 2013-இல் திறந்த பாதை அது. மோகனூர் தாண்டி நாமக்கல் வந்தால், கிழக்கே சுவர் வைத்ததுபோல் கொல்லிமலை நிற்கும். மழை பெய்து ஓய்ந்த காலையில் மேகம் அதன் இடுப்போடு நின்றுவிடும், உச்சி தனியாகத் தெரியும். ராசிபுரம் நெருங்கும்போது போதமலை இன்னும் பக்கத்தில் வரும். இதற்குத் தனி டிக்கெட் இல்லை, மாதக்கணக்கில் முன்பதிவும் இல்லை. நம்மவர் கிழக்குப் பக்க ஜன்னலில்தான் உட்கார்ந்திருப்பார். வெயில் முகத்தில் அடிக்கிறதென்று ஷட்டரை இறக்கிவிட்டு, போனில் ஊட்டி படங்களை எதிர்சீட்டுக்காரருக்குக் காட்டிக்கொண்டிருப்பார்.

அந்த எதிர்சீட்டுக்காரர் வெளியூர்ப் பையன், தோளில் காமிரா. மெதுவாக ஷட்டரைத் தூக்கி மலையைக் குறிவைப்பான். நம்மவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே எட்டிப் பார்ப்பார்.

"அங்க ஒண்ணுமில்லீங்க தம்பி. கொஞ்சம் பொறுங்க, அடுத்து நம்ம கோழிப்பண்ணை வரும். அதை எடுங்க."