சாவா மூவாப் பேராசிரியர்

எங்கள் பேராசிரியர் காலமான செய்தி காலை ஆறு மணிக்கு வந்தது. ஏழு மணிக்கு நானும் வகுப்புத் தோழர்கள் இருவரும் ஃப்ளெக்ஸ் கடை வாசலில் நின்றோம். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வேண்டும். படம் ரெடி. வாசகமும் ரெடி: 'வரலாறே, நீயும் வரலாறு ஆனாயே!' சார் இருந்திருந்தால் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'யார் சொன்னா?' என்று எழுதியிருப்பார்.

கடைக்காரத் தம்பி கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "தோற்றம் என்ன தேதி சார்?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தேதி தெரியாமல் இல்லை. மூன்று தேதி தெரியும், அதுதான் சிக்கல்.

1992-இல் பி.ஏ. வரலாற்றில் சேர்ந்த எங்களில் யாரும் வரலாற்றை விரும்பி வந்தவர்கள் அல்ல. இயற்பியலுக்கு மார்க் போதவில்லை. வணிகவியலுக்குச் சிபாரிசு போதவில்லை. காலியாக இருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். முதல் நாள் சார் உள்ளே வந்தார். வருகைப் பதிவேட்டைத் திறந்தார். "ஸ்வஸ்திஸ்ரீ!" என்று கணீரென்று சொன்னார். கல்வெட்டுகள் பலவும் அப்படித்தான் தொடங்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் பொறுப்பாக எழுந்து, "அந்தப் பொண்ணு இன்னும் வரலை சார்" என்றான்.

அன்று மாலைக்குள் சாருக்கு அதுவே பெயராகிவிட்டது.

பாடம் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்டார்: "நான் எப்போ பிறந்தேன்?" பலகையில் மூன்று வரி எழுதினார். பள்ளிச் சான்றிதழ் சொல்வது 1951 ஜூன் 1. ஜாதகம் சொல்வது நந்தன வருஷம், கார்த்திகை மாதம். அவருடைய அம்மா சொல்வது, "நாகப்பட்டினத்துப் புயல் அடிச்சப்போ நீ தூளியில கிடந்தே." அந்தப் புயல் அடித்தது 1952 நவம்பர் 30. நந்தன கார்த்திகையும் அதுவே. ஜோசியரும் அம்மாவும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒத்துப்போகிறார்கள். முத்திரை குத்திய சான்றிதழ்தான் பொய். பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று தலைமையாசிரியர் அவரை ஒன்றரை வருஷம் முன்னதாகவே பிறக்க வைத்துவிட்டார்.

"நம்ம ஊர்ல பாதிப் பேர் ஜூன்லதான் பிறந்திருக்கான். மத்த மாசமெல்லாம் மருத்துவச்சிகளுக்கு லீவு போலிருக்கு" என்றார். பிறகு சொன்னார்: "முத்திரை எவ்வளவு பெருசுன்னு பார்க்காதீங்க. யார் சொன்னா, எதுக்குச் சொன்னா, அதைப் பாருங்க."

மூன்று வருஷப் படிப்பும் அந்த ஒரு வகுப்பில் முடிந்துவிட்டது என்றே இப்போது தோன்றுகிறது. அந்தப் பொய்த் தேதிப்படி 2009 மே 31 அன்று அவர் ஓய்வுபெற்றார். பிரிவு உபசார விழாவில் ஒரே ஒரு குறைதான் சொன்னார்: "என் தலைமையாசிரியர் எனக்கு ஒன்றரை வருஷச் சம்பளம் பாக்கி."

இரண்டாம் ஆண்டில் வகுப்புத் தலைவர் தேர்தல் வந்தது. உத்தரமேரூர் முறைப்படிதான் நடக்கும் என்று சார் அறிவித்தார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் எழுந்த குடவோலைக் கல்வெட்டுகள் சொல்லும் முறை அது. ஊரை முப்பது குடும்பாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொல்வார்கள். விடுதி சமையலறையிலிருந்து எங்களுக்கும் ஒரு குடம் வந்தது. ஆனால் ஓலை போடுமுன் தகுதி பார்க்க வேண்டுமே!

கால் வேலிக்கு மேல் சொந்த நிலம், இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்கு மேல் வேண்டும். அப்பா நிலத்தையும் சேர்த்துக்கொண்டும் முக்கால்வாசி வகுப்பு அங்கேயே காலி. சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும் என்றதும் மிஞ்சியது நான்கு பேர். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் என்றதும் அந்த நான்கு பேரும் காலி. சார் இரக்கப்பட்டு வயதைத் தள்ளுபடி செய்தார். வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதிக்குப் பதிலாக நேற்று நடத்திய பாடத்தை ஒப்பிக்கச் சொன்னார். இரண்டு பேர் விழுந்தார்கள்.

கடைசியாக வந்தது எனக்கென்றே வெட்டிவைத்த விதி. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவருடைய உறவினரும் கூடாது. விடுதி மெஸ் செயலாளராக இருந்து இரண்டு மாதக் கணக்கை இழுத்தடித்துக்கொண்டிருந்தவன் நான்.

"நீ வெளியே. உன் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை யாராவது இங்கே இருக்கானாய்யா?"

மிஞ்சியிருந்த ஒரே ஆள் என் மாமன் மகன். அவனும் வெளியே போனான். முப்பது வருஷமாகியும் கல்யாண வீடுகளில் என் பக்கத்து இலையில் அவன் உட்காருவதில்லை.

கடைசியில், ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் அண்ணனைச் சார் கூப்பிட்டார். அவருக்கு வயது ஐம்பது, சொந்தமாக இரண்டு ஏக்கர் உண்டு, யாருக்கும் கணக்குப் பாக்கி இல்லை. அந்த வருஷம் முழுக்க அவர்தான் எங்கள் வகுப்புத் தலைவர். பேசுகிறவர்கள் பெயரை வகுப்புக்கு வெளியே நின்று எழுதிய ஒரே தலைவரும் அவர்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எங்களை அழைத்துப்போனதும் அப்போதுதான். வழிகாட்டி ஒருவர் வெளியூர்க் கூட்டத்தை நிறுத்தி, "இந்த விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாது" என்று முழங்கிக்கொண்டிருந்தார். சார் மெதுவாகப் போய் அந்த 216 அடி விமானத்தின் நிழலில் நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, என்ன குளுமை!" என்றார். கூட்டம் சிரித்தது.

கூட்டம் கலைந்ததும் வழிகாட்டி நேராக வந்தார். "நிழல் விழாதுன்னு சொன்னா இருபது ரூபா தர்றான். விழும்னா எவன் சார் தருவான்?"

சார் வாயடைத்து நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்துக் கொடுத்தார். திரும்பும் வழியில் எங்களிடம் சொன்னார்: "எதுக்குச் சொன்னான்னு நான்தானேய்யா முதல்ல கேட்டிருக்கணும்?"

படிப்பு முடிந்த பிறகு வாத்தியார் போய் நண்பர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய ஸ்கூட்டரில் கொள்ளிடக் கரை ஊர்களுக்குப் போவோம். போகும்போது அவர் ஓட்டுவார். வரும்போது இருவரும் தள்ளுவோம்.

சிறு கோயில்களில் கல்வெட்டு படியெடுப்பது எங்கள் வேலை. கல்லை நாரால் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் பட்பட்டென்று அடித்தால் காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். ஈரம் வற்றும் பக்குவத்தில் மைப்பொதியால் ஒற்றினால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் எழுந்து வரும். கூடவே என் சட்டையும் கறுப்பாக எழுந்து வரும்.

ஒருநாள் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, எந்த ஊர்க் கல்வெட்டு முன்னாலும் யாராவது கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "ஏன் சாமி, புதையல் கிதையல் எழுதியிருக்கா?"

"இருக்கும்மா. தொண்ணூத்தாறு ஆடு."

"எங்கே?"

"ஆயிரம் வருஷத்துக்கு முந்தி கோயில் விளக்குக்காக விட்டது. சாவா மூவாப் பேராடு. சாகாது, மூப்படையாது."

அந்த அம்மா சாரை ஏற இறங்கப் பார்த்தார். "போன வாரம் எனக்கு மூணு செத்துப்போச்சு. சாகாத ஆடு எந்தச் சந்தையில விக்குதாம்?"

சார் மை படிந்த கையோடு தரையில் உட்கார்ந்து அவருக்குப் பாடம் நடத்தினார். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு. பெரிய கோயில் கணக்கில் பசுவானால் நாற்பத்தெட்டு, எருமையானால் பதினாறு. வாங்கிக்கொண்ட இடையர் தினம் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு சாகும், குட்டி பிறக்கும். செத்த இடத்தில் குட்டியைச் சேர்த்துத் தொண்ணூற்றாறு குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஆடு சாகலாம், கணக்கு சாகக் கூடாது.

அந்த அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்போ ஆடு சாகாம இல்ல சாமி. மேய்க்கிறவன் ஏமாத்தாம இருந்திருக்கான்."

சார் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோய்யா. இது எந்தப் புத்தகத்திலயும் இல்லை."

ஃப்ளெக்ஸ் கடையில் கடைசியாக 'தோற்றம்: நந்தன, கார்த்திகை' என்று போடச் சொன்னோம். "நந்தன யாரு சார், அவங்க அப்பாவா?" என்று கேட்டார் தம்பி. பேனர் சரியாகவே வந்தது. துக்க வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்து அச்சுப்பிழை என்று வருத்தப்பட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சாரின் மனைவி ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இரவல் போன புத்தகங்களின் கணக்கு. யார், எப்போது, என்ன புத்தகம் என்று 1980-லிருந்து வரிவரியாக இருந்தது. திரும்பி வந்தவற்றின் மேல் கோடு. கோடு விழாதவை 137. நாலாவது பக்கத்தில் என் பெயர்: நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்', 1995. எதிரே சிவப்பு மையில் சின்னதாக, 'மெஸ் கணக்கும் பாக்கி.'

"நாளைக்கே கொண்டாந்து கொடுத்துடுறேன்மா" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குத் தம்பி? படிக்கிற பிள்ளை யாருக்காவது கொடுங்க. கொடுத்துட்டு மறக்காம நோட்டுல எழுதிடுங்க."

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. என் புத்தகம் முதுகலை படிக்கும் ஒரு பெண்ணிடம் போய்விட்டது. அவர் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டேன். பாக்கி 136. சாரிடம் புத்தகம் வாங்கியவர்கள் தயவுசெய்து கணக்குக் காட்டவும். காட்டாதவர்களின் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை வரை தகுதி இழப்பார்கள். நான் சொல்லவில்லை, கல்வெட்டு சொல்கிறது.